சொல் வந்த வழி: பால் எப்பக்கம் திரும்பிற்று?

அண்மையில் ஒரு மாணவியின் மொழிபெயர்ப்புக் கொப்பியைக் காண நேர்ந்தது. 'டேர்ன்' என்னும் ஆங்கில வினை வந்த இடமெல்லாம் அவள் 'திரும்பு' என எழுதியிருந்தாள். "வண்டி இடப்பக்கம் திரும்பியது" என்பது சரியே. அடுத்து, "பால் திரும்பியது" என்றிருந்தது! ஆசிரியர் அதனைச் சிவப்பு மையாற் சுழித்திருந்தார். பால் எப்பக்கம் திரும்பிற்று? விடை காண, அவ்வினையின் பிறப்பை ஆராய்வோம்.

கிரேக்க மொழியில் 'தோர்னொஸ்' என்பது தச்சர் வட்டம் வரையும் கருவிக்கும் கடைசற் பொறிக்கும் வழங்கிய பெயர். உரோமர் அதனை ஏற்று, 'தொர்னாரே' என்னும் வினையை ஆக்கினர். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்சியாகக் கடைதல் என்பது அதன் பொருள். அச்சொல் பழைய ஆங்கிலத்திற் புகுந்தது. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சு வடிவமும் வந்து அதற்கு வலுவூட்டிற்று.

சுழல்வது பாதியில் நின்றால் அதன் முகம் வேறு திசையை நோக்கும். ஆகவே, சுழற்சியைக் குறித்த சொல் திசை மாற்றத்தையும் குறித்தது. பின்னர்த் தன்மை மாற்றத்தையும் குறித்தது.

அதன் சுற்றத்தார் பலர். சுற்றிவந்து வீடு சேரும் பயணமாகிய 'டூர்' அவருள் ஒருவர். நம்மவர் வெளிநாடு செல்லும்போது காணியைப் பார்க்க உறவினருக்கு எழுதிக்கொடுக்கும் 'அற்றோணித் தத்துவம்' மற்றொருவர். ஒரு கருமத்தை ஒருவர்பால் திருப்பி ஒப்படைத்தல் என்னும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்தே 'அற்றோணி' பிறந்தது.

நந்தமிழிலும் இத்தகைய வினை ஒன்று உண்டு. அதுவே 'திரி'. சுழலுதலும் அதன் பொருள். வேறுபடுதலும் அதன் பொருள். பருப்பு உடைக்கும் திரிகையும் குயவரின் திரிகையும் அதனாற் பெயர் பெற்றன. இலக்கணத்தில் எழுத்து மாறுவது திரிதல் எனப்படும். ஆங்கிலத்திற் கருவி வினையைத் தந்தது. தமிழில் வினை கருவிக்குப் பெயர் தந்தது.

இனி அக்கொப்பிக்கு வருவோம். பால் திரும்பவில்லை, திரிந்தது. அம்மாணவி அகராதியிற் தேடியும் காணாத சொல்லை அவளுடைய பாட்டியார் அடுக்களையில் நாள்தோறும் சொல்லியிருப்பார். பிறமொழிச் சொல்லுக்குப் பொருள் தேடும் மாணவர், முதலில் வீட்டாரின் பேச்சுக்குச் செவிகொடுப்பாராக.