'வயசாயிடுச்சு'ன்னு ஒரு நோய் கிடையாது

1/ பழனிசெட்டிபட்டி ஐயா ஒருத்தர். 74 வயசு. முந்தின நாள் வரைக்கும் சைக்கிள்ல டீக்கடைக்குப் போயிட்டு வந்தவர். காலையில எந்திரிக்கும்போதே வாய் கோணி, வலது கை கால் விழுந்துடுச்சு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. சிடி எடுத்தோம். ஊசி போடுற நேரம் தாண்டிடுச்சு. ஆஸ்பிரின் எழுதிட்டு, "வயசாயிடுச்சும்மா, பாப்போம்"னு மகள்கிட்ட சொன்னோம். சொன்னதுல நானும் ஒருத்தன்.

2/ அந்தக்கா அப்பாவைப் படுக்க வச்சே கஞ்சி ஊட்டினாங்க. புரையேறுச்சு. யாரும் தடுக்கல. ரெண்டாம் நாள் காய்ச்சல். அஞ்சாம் நாள் நிமோனியாவுல போயிட்டார். கேஸ் ஷீட்ல பக்கவாதம், முதுமைன்னு எழுதி மூடியாச்சு. தப்பு மகள் மேல இல்ல. விழுங்க முடியுதான்னு பாக்காத எங்க மேல.

3/ அதைப் பாக்க என்ன வேணும்? முழிப்பா இருக்கிற ஆளை நிமிர்த்தி உக்கார வச்சு, பயிற்சி எடுத்த ஒரு சிஸ்டர் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கொடுத்துப் பாக்கணும். இருமினாலோ, குரல் களகளன்னு மாறினாலோ வாய் வழியா எதுவும் கிடையாது, டியூப்தான். மொத்தச் செலவு ஒரு டம்ளர் தண்ணி, சில நிமிஷம்.

4/ 2011-ல ஆஸ்திரேலியாவுல 19 ஸ்ட்ரோக் யூனிட்ல ஒரு ஆய்வு பண்ணாங்க. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குறது, இந்த மூணையும் நர்ஸ்களே விடாம கவனிச்சாங்க. 90 நாள் கழிச்சு இறந்தவங்க, பிறர் உதவி இல்லாம இருக்க முடியாதவங்க 100-க்கு 42 பேர். வழக்கமான கவனிப்புல 58. புது மருந்து ஒண்ணு கூட இல்ல.

5/ "இந்த வயசுல ஊசி தாங்குமா?" 2012-ல வந்த ஐ.எஸ்.டி-3 ஆய்வுல 3,000-க்கும் மேல நோயாளிகள். பாதிக்கு மேல 80 தாண்டினவங்க. அவங்களுக்குப் பலன் குறையல. ரத்தக்கசிவு இல்லாம, நாலரை மணி நேரத்துக்குள்ள வந்து, வேற தடை இல்லைன்னா ஊசி பத்திப் பேசியே ஆகணும். வயசை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது.

6/ "ஸ்டாஃப் எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. ராத்திரி ஒரு வார்டுக்கு ஒரு சிஸ்டர்னா அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதனாலதான் கேக்கிறேன்: பக்கவாதக்காரங்களை நாலு மூலையில போடாம ஒரே இடத்துல வைங்க. அங்க பழகின நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் போடுங்க. ஸ்ட்ரோக் யூனிட் எல்லா வயசுக்கும் பலன் தருதுன்னு எப்பவோ நிரூபிச்சாச்சு.

7/ "வீட்ல பாத்துப்பாங்க." இந்தியாவுல 14 ஆஸ்பத்திரி, 1,250 நோயாளிகள், அட்டெண்ட் ஆய்வு, 2017. குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்துப் பயிற்சி செய்ய வச்சாங்க. ஆறு மாசத்துல இறப்பும் குறையல, முடங்கினவங்க எண்ணிக்கையும் குறையல. பாசத்துல குறை இல்ல. ஆனா பாசம் பிசியோதெரபி ஆகாது.

8/ முடங்கின காலுக்குப் புறா ரத்தம் தேய்ச்சா நாம திட்டுறோம். டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாத்திரைச் சீட்டைத் தவிர நாம என்ன கொடுத்தோம்? வெறும் கையோட அனுப்பினா ஜனம் புறாகிட்டதான் போகும்.

9/ வழி இல்லாமலும் இல்ல. 'தாய்' அவசர சிகிச்சைத் திட்டத்துல விபத்து, மாரடைப்போட பக்கவாதமும் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. டிஸ்சார்ஜ் பண்ற அன்னைக்கே அந்த டீமுக்குப் பேரு போய்ச் சேரணும். ஒரு போன்கால்.

10/ படிக்கிற உங்களுக்கு: வாய் கோணினா, கை இறங்கினா, பேச்சு குழறினா உடனே 108. எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்கன்னு குறிச்சு வைங்க. வார்டுல கூச்சப்படாம கேளுங்க: "விழுங்குறாங்களான்னு பாத்தாச்சா? எப்ப உக்கார வைப்பீங்க? வீட்டுக்கு பிசியோ யார் வருவாங்க?"

யாராவது "வயசாயிடுச்சு"ன்னு சொன்னா, "சரிங்க டாக்டர், வைத்தியம் என்ன?"ன்னு திருப்பிக் கேளுங்க. எங்களுக்குக் கோபம் வரும். பரவாயில்ல, வரட்டும்.