பெயர் மாற்றுவது வெட்டிவேலையா?

"கோப்புக்குப் பெயர் மாத்துறதும் ஒரு வேலையா?" என்று எங்களிடம் கேட்ட சகோதரருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

ஜிடிபி என்பது நிரல்களில் வழு தேட உதவும் இலவச மென்பொருள். அதில் 386 வகைச் செயலிக்கென்றே எழுதிய கோப்புகளில் இரண்டு: 'ஐ386-லினக்ஸ்-நேட்', 'ஐ386-லினக்ஸ்-டிடெப்'. வேலை வேறு வேறு. ஆனால் பழைய டொஸ், கோப்பின் பெயரில் 8 ஆங்கில எழுத்துக்களைத்தான் ஏற்கும். வெட்டிப் பாருங்கள், இரண்டுமே 'ஐ386-லின்'! ஒன்றின் மேல் மற்றது எழுதப்பட்டு, முதலாவது போயே போய்விடும். அதனால்தான் டொஸ் பாவிப்பவர்களுக்காகப் பெயர் மாற்றப் பட்டியல் ஒன்றையே அந்த மென்பொருளோடு சேர்த்து வைத்தார்கள். வேலையில்லாமலா வைத்தார்கள்?

எங்கள் கணினி அறையில் போன தவணை இரு பிள்ளைகள் 'ப்ரொஜெக்ட்' என்ற ஒரே பெயரில் சேமித்தார்கள். ஒரு பிள்ளையின் முழு வேலையும் அழிந்தது. வெட்டிவேலையா என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.