ஏவி.எம்.: கை தளர்ந்ததா, கை மடங்கியதா?

ஆனைக்கரை என்ற பெயரில் கேரளத்தில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில் பட்டாம்பி தாலுகாவில் இருக்கிறது. மற்றொன்று இடுக்கி மலையில், வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலக்காடுகளுக்கு நடுவே. கம்பத்திலிருந்து ஜீப் ஏறி வரும் ஏலத்தோட்டத் தொழிலாளியாகட்டும், பாலக்காட்டுப் பக்கம் ஆபீசில் வேலை பார்க்கும் குமாஸ்தாவாகட்டும், நம்மவர்கள் கூடிப் பேசினால் பேச்சு எப்படியும் சினிமாவில்தான் போய் நிற்கும். 2025 டிசம்பரில் ஏவி.எம். சரவணன் காலமான செய்தி வந்ததிலிருந்து அந்தப் பேச்சில் ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "ஏவி.எம். படம் என்று சொல்லிப் போய்ப் பார்க்க இப்போது என்ன இருக்கிறது? அந்தக் கம்பெனியின் கைராசி போய்விட்டதா?"

பொழுதுபோக்குக் கேள்விதானே என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு தொழில் எப்படி வளர்கிறது, எப்படி ஓய்கிறது, அதை நம்பிய தொழிலாளர்கள் என்ன ஆகிறார்கள் என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

கைராசி என்பது என்ன?

ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத்தொழிலுக்கு வந்தவர். 1935-ல் அவர் எடுத்த முதல் படம் 'அல்லி அர்ஜுனா' தோல்வி. அதற்கடுத்த படமும் கையைக் கடித்தது. கைராசி அவருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடவில்லை. நஷ்டத்தில் கற்றுக்கொண்டதே அது.

அவர் கற்றுக்கொண்டவற்றில் முதலாவது, குறை தெரிந்தால் திருத்தும் பொறுமை. 'ஸ்ரீவள்ளி' (1945) படம் முடிந்த பின்னர், கதாநாயகியின் பாட்டு சரியாக அமையவில்லை என்று கண்டு, பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். நேஷனல் பிக்சர்ஸ் பெருமாளுடன் சேர்ந்து எடுத்த 'பராசக்தி' (1952) கதை எல்லோரும் அறிந்தது. மெலிந்த தேகத்துடன் வந்த கணேசன் என்ற நாடக நடிகரை வைத்துப் படம் எடுப்பதில் செட்டியாருக்கு முதலில் திருப்தியில்லை. பெருமாள் பிடிவாதமாக நின்றார. நடிப்பு மெருகேறியதும் முன்பு எடுத்த காட்சிகள் பல திரும்ப எடுக்கப்பட்டன. தம் அபிப்பிராயம் தவறென்று தெரிந்தபோது அதை மாற்றிக்கொள்ளவும், அதற்காகப் பிலிமைச் செலவழிக்கவும் ஒரு முதலாளி தயாராக இருந்தார். கைராசியில் பாதி இதுதான்.

இரண்டாவது, புதுமுகங்களைப் பொறுக்கியெடுக்கும் கண். வைஜயந்திமாலா 'வாழ்க்கை' (1949) மூலம் படத்துக்கு வந்தார். சிவாஜி கணேசன் 'பராசக்தி'யில் வந்தார். கமலஹாசன் 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) சிறுவனாக வந்தார். மூவரையும் திரைக்குத் தந்தது ஒரே கம்பெனிதான்.

மூன்றாவது, எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது. யுத்த காலத்துத் தட்டுப்பாட்டில் காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுத் தொடங்கிய ஸ்டூடியோ, 'நாம் இருவர்' (1947) வெற்றிக்குப் பின் சென்னை வடபழனிக்கு வந்தது. தளம், காமிரா, ஒலிப்பதிவு, லேபரட்டரி, தச்சர், தையற்காரர் எல்லாம் உள்ளேயே. மாதம் பிறந்தால் சம்பளம். படத்துக்குப் படம் ஆள் தேடும் அவசியம் இல்லாததால் ஒரு படத்தில் கற்ற பாடம் அடுத்த படத்துக்குக் கூடவே வந்தது.

பாலக்காடும் தேனியும்

இந்தக் கதையில் நம் எல்லைப்புறத்துக்கும் பங்கு உண்டு. எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 'அன்பே வா' (1966) ஏவி.எம். தயாரிப்பு. எம்.ஜி.ஆர். அந்தக் கம்பெனிக்கு நடித்த ஒரே படமும் அதுதான். ஸ்டூடியோ யுகத்தின் உச்சத்துக்கு ஒரு பாலக்காட்டுக்காரர் இசை கொடுத்தார்.

அந்த யுகத்துக்கு முடிவு கட்டியவர்களோ இடுக்கி மலையின் அடிவாரத்துக்காரர்கள். பண்ணைப்புரத்து இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யுடன் வந்தார். தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-ல் '16 வயதினிலே' படத்தை உண்மையான கிராமத்தில் எடுத்தார். அட்டைவீட்டுக்கும் வர்ணம் பூசிய வானத்துக்கும் இனி வேலையில்லை என்று ஜனங்கள் டிக்கெட் வாங்கித் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பைப் பெரிய ஸ்டூடியோக்கள் தாங்கவில்லை. 'சந்திரலேகா'வைத் (1948) தந்த ஜெமினியின் பெயர் இன்று சென்னையில் ஒரு மேம்பாலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விஜயா-வாஹினி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் பேரங்காடியும் நிற்கின்றன. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), முதல் மலையாள வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) இரண்டையும் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஏவி.எம். அப்போது சாயவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செட்டியார் 1979-ல் காலமானார். அடுத்த ஆண்டே அவர் புதல்வர்கள் 'முரட்டுக்காளை'யையும், 1982-ல் 'சகலகலா வல்லவ'னையும் எடுத்தார்கள். இரண்டுக்கும் இசை இளையராஜா. 1984-ல் பாரதிராஜாவையே அழைத்து 'புதுமைப்பெண்' எடுத்தார்கள். தங்கள் தொழிலைப் புரட்டிப்போட்டவர்களையே தங்கள் கம்பெனிக்குள் கொண்டுவந்தார்கள். 1986-ல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தது. ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு பாகப்பிரிவினை, இவ்வளவுதான் கதை. நல்ல ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. காலம் மாறினால் கைராசி போய்விடும் என்பது சரியென்றால், அது 1980-லேயே போயிருக்க வேண்டும்.

எங்கே மெலிந்தது?

2007-ல் ரஜினிகாந்த், ஷங்கர், ரஹ்மான் மூவரையும் சேர்த்து 'சிவாஜி' எடுத்தார்கள். பெரும் செலவு, பெரும் வசூல். 2009-ல் 'அயன்', 'வேட்டைக்காரன்'. இந்த இரண்டையும் வெளியிட்டது சன் பிக்சர்ஸ். எடுப்பது ஒருவர், கொட்டகைக்குக் கொண்டுபோய் விற்பது இன்னொருவர் என்றாகிவிட்டது. 2011-ல் 'முதல் இடம்' என்ற சிறிய படம் எடுபடவில்லை. 2014-ல் 'இதுவும் கடந்து போகும்' கொட்டகைக்கே வராமல் இணையத்தில் வெளியாயிற்று. 2022-ல் 'தமிழ் ராக்கர்ஸ்' என்ற தொடர், அதுவும் இணையவழிதான். 2023 மே மாதம் ஸ்டூடியோ வளாகத்திலேயே பழைய கார்களும் காமிராக்களும் வைத்த அருங்காட்சியகத்தை முதலமைச்சர் திறந்து வைத்தார்.

170-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த நிறுவனத்துக்கு இந்தப் பட்டியல் மிகச் சிறியது. ஆனால் இதை மோசமான படங்களின் வரிசை என்றும் சொல்ல முடியாது. படங்கள் கெட்டுப்போகவில்லை, குறைந்துபோயின. சமையற்காரரின் கைப்பக்குவம் போய்விட்டது என்று சொல்வதற்கு முன், அவர் அடுப்பு மூட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

ஏன் அடுப்பு அணைந்தது என்பதற்குத் தொழில் வட்டாரத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் உண்டு. செலவில் பெரும்பகுதியை நட்சத்திரச் சம்பளமே விழுங்குகிறது. பெரிய மூலதனக் கம்பெனிகள் நுழைந்துவிட்டன. முதல் மூன்று நாள் வசூலில் படத்தின் தலையெழுத்து முடிந்துவிடுகிறது. சொந்தப் பணம் போட்டு எடுக்கும் குடும்ப நிறுவனம் ஒரு தோல்வியில் பல ஆண்டுச் சேமிப்பை இழக்கும். இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஜாக்கிரதையாக இருப்பது ஒரு வியாபாரியின் உரிமையும்கூட.

ஆனால் இந்தக் காரணங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றுக்கு நடுவிலேயே சிறிய படங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2024-ல் மலையாளத்து 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', கொடைக்கானல் குகையையும் 'குணா' படப் பாட்டையும் வைத்துத் தமிழ்நாட்டில் கொட்டகைகளை நிரப்பியது. 2025-ல் ஒரு புதிய டைரக்டர் 'டூரிஸ்ட் பேமிலி' எடுத்தார். இலங்கையிலிருந்து வந்து சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். இது ஏவி.எம். எடுத்திருக்க வேண்டிய படம் அல்லவா? ரசிகர்களின் ருசி மாறிவிட்டது என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

பலகை அதே, கை வேறு

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் பார்க்கலாம். நம் பிள்ளைகள் விளையாடும் வீடியோ விளையாட்டுகளைத் தயாரிப்பதற்கும் ஸ்டூடியோக்கள் உண்டு. கனடாவில் 1995-ல் தொடங்கிய பயோவேர், கதையம்சமுள்ள விளையாட்டுகளுக்குப் பேர்போனது. 2007-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2012-ல் நிறுவனர்கள் விலகினார்கள். 2019-ல் வந்த 'ஆன்த்தம்' என்ற விளையாட்டு ரசிகர்களைக் கைவிட்டது. வாசலில் பலகை அதேதான், உள்ளே வேலை செய்த கைகள் வேறு. ஒரு ஸ்டூடியோவின் திறமை அதன் பெயரிலோ நிலத்திலோ இல்லை, கூடி வேலை செய்யும் மனிதர்களிடம் இருக்கிறது என்பதே இதன் பாடம்.

தோட்டத் தொழிலாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005-ல் மூணாறில் டாட்டா டீ தன் தோட்டங்களைத் தொழிலாளரும் பங்கு பெற்ற புதிய கம்பெனியிடம் ஒப்படைத்ததையும், பத்து ஆண்டு கழித்துப் பெண் தொழிலாளர்கள் கூலியும் போனசும் கேட்டு வீதிக்கு வந்ததையும் கண்டவர்கள் நாம். பலகை மாறினாலும் மாறாவிட்டாலும், உழைக்கும் கைக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி. கோடம்பாக்கத்திலும் அதே கேள்விதான். மாதச் சம்பளம் வாங்கிய தச்சரும் லைட்மேனும் படத்துக்குப் படம் நாள்கூலிக்குப் போகிறவர்களானார்கள். தளங்கள் குறையக் குறைய, தொழிலைத் தகப்பனிடமிருந்து மகன் கற்ற வழியும் குறைந்தது. ரசிகருக்கு நஷ்டம் ஒரு மாலைப்பொழுது, அவர்களுக்கு நஷ்டம் வாழ்க்கை.

நமக்கும் ஒரு நஷ்டம் உண்டு. மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்தைவிடத் தமிழ்ப்படம்தான் நெருக்கம். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம் குறைந்தால், வீட்டில் தமிழ் பேசக் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பமும் குறைகிறது.

பக்கத்திலேயே ஒரு வழி

வழியே இல்லையா? அண்டை வீட்டைப் பார்த்தால் போதும். திருவனந்தபுரத்தில் பி. சுப்பிரமணியம் 1951-ல் நிறுவிய மெரிலாண்ட் ஸ்டூடியோவும் வெகுகாலம் படமெடுக்காமல் இருந்தது. அவருடைய பேரர் அந்தப் பெயரை மீண்டும் எடுத்து 2022-ல் 'ஹிருதயம்' தந்தார். 2024-ல் 'வர்ஷங்ஙள்க்கு சேஷம்' தந்தார். இரண்டாவது படத்தின் கதை என்ன தெரியுமா? சினிமாக் கனவோடு கோடம்பாக்கம் போன இளைஞர்களின் கதை! நம் கோடம்பாக்கத்தின் பழம்பெருமையை மலையாளத்தார் படமாக்கி வெற்றி பெற்றார்கள், கோடம்பாக்கமோ அருங்காட்சியகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஏவி.எம்.மின் கை தளர்ந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை, மடங்கியிருக்கிறது என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு. முதல் இரண்டு படங்களும் தோற்ற பிறகு செட்டியார் இசைத்தட்டுக் கடையே போதும் என்று திரும்பியிருந்தால் 'பராசக்தி' அவர் கையிலிருந்து வந்திருக்காது. அந்த வீட்டின் இளைய தலைமுறை ரஜினி கால்ஷீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நல்ல கதை ஒன்று, புதிய டைரக்டர் ஒருவர், குறை கண்டால் திரும்ப எடுக்கும் பழைய பொறுமை, இவை போதும். தோற்றாலும் அது கௌரவமான தோல்வியாகவே இருக்கும். அப்படி ஒரு படம் எல்லை தாண்டி வந்தால், ஒரு நாள் கூலியைச் செலவழித்துப் பார்க்க இங்கே ஆள் இருக்கிறது.