256 பைற்றுக்கு என் வாக்கு

விவாத மேடையில் பயின்றோர் ஓர் உண்மையை நன்கறிவர். அளவுகோல் யாதென்று முதலில் துணியாமல், ‘எது சிறந்தது?’ என்று வாதிடத் தொடங்கினால் விடிய விடியப் பேசினும் முடிவு காணவியலாது. கொமடோர் 64 என்னும் பழைய வீட்டுக் கணினிக்கென ஆக்கப்பட்ட ‘டெமோ’க்களுள் தலையாயது எதுவென்று ஐரோப்பிய இரசிகர்கள் நெடுங்காலமாக நடத்திவரும் வாதமும் இத்தகையதே. அவ்வாதத்தில் யானும் ஒரு கட்சிக்காரன். என் கட்சியை இம்மலரில் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

டெமோ என்பது விளையாட்டன்று, திரைப்படமுமன்று. பொறியின் முழு ஆற்றலையும் காட்சியாகவும் இசையாகவும் வெளிப்படுத்தும் செய்நிரல் அது. 1980களில், விற்பனைக்கு வந்த விளையாட்டுகளின் பூட்டை உடைத்துப் பரப்பிய இளைஞர்கள், அவற்றின் முகப்பில் தம் குழுவின் பெயரையும் நண்பர்க்கு வாழ்த்தையும் ஓடவிட்டனர். நாளடைவில் முகப்பே தனிக்கலையாயிற்று. களவின் திண்ணையில் பிறந்த கலை என்றாலும் பிழையில்லை. இன்று ஆக்குவோரும் சுவைப்போரும் ஒரு மண்டபத்திற் கூடி, பெருந்திரையில் கண்டு, வாக்களித்துப் பரிசு வழங்குகின்றனர்.

1982 இல் வெளிவந்த அப்பொறியின் செல்வம் மிகச் சிறிது. 64 கிலோபைற்று நினைவகம், பதினாறு நிறம், மூன்று குரல் உடைய ஓர் ஒலிச் சில்லு, நொடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் துடிப்பு. ஐரோப்பிய வகையில் நொடிக்கு 50 படம், படத்துக்கு 312 கோடு, கோட்டுக்கு 63 துடிப்பு. இக்கணக்கை நெஞ்சில் இருத்தாதவன் டெமோவைப் பாதியே காண்கிறான் என்பேன். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். படப்பரப்பைச் சூழ்ந்து ஒரு விளிம்பு உண்டு. அங்கே எதனையும் வரையவியலாது என்பதே பொறியைச் செய்தோர் வகுத்த முறை. இருபத்தைந்து வரி அமைப்பில் 251 ஆம் கோட்டிலும், இருபத்துநான்கு வரி அமைப்பில் 247 ஆம் கோட்டிலும் கீழ்விளிம்பு தொடங்கும். 247 கடந்து, 251 வருமுன், அமைப்பை இருபத்துநான்குக்கு மாற்றிவிட்டால் நேர்வதென்ன? முதல் வாயிலைச் சில்லு கடந்துவிட்டது. இரண்டாவது வாயிலோ இப்போது அதற்கு வாயிலன்று. விளிம்பை மூட மறந்து போகிறது! மூடாத அவ்வெளியில் சிறு உருவங்கள் உலவுகின்றன. இதனை முதன்முதற் கண்ட சிறுவர் மனநிலை எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணி எண்ணி வியப்பதுண்டு.

இனி வழக்குக்கு வருவோம். பலரும் முடிசூட்டுவது, சுவீடனைச் சேர்ந்த ‘பூஸ் டிசைன்’ குழுவின் ‘எட்ஜ் ஒஃப் டிஸ்கிரேஸ்’ என்னும் படைப்புக்கு. நெதர்லாந்தில் நடைபெற்ற எக்ஸ் 2008 விழாவில் முதற் பரிசு பெற்றது அது. காட்சி காட்சியாக விரிகிறது; ஒன்று மற்றொன்றுள் கரைகிறது; அடுத்த பகுதியை வட்டிலிருந்து எடுக்கும்போதும் இசை அறுவதில்லை. அதனைக் குறைகூற எனக்கு வாயில்லை. எனினும் என் வாக்கு, லீனுஸ் ஓக்கெசொன் 2017 இல் ஜேர்மனியின் றிவிசன் விழாவில் அரங்கேற்றிய ‘ஏ மைன்ட் இஸ் போர்ன்’ என்பதற்கே. அப்போட்டியில் 4096 பைற்றுவரை இடமிருந்தது. அவர் எடுத்துக்கொண்டது 256 மட்டும். இம்மலரின் இரண்டு வரிகளைத் தமிழ் எழுத்திற் சேமித்து வைக்கவும் அவ்விடம் போதாது. அதற்குள் இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட இசையும் அசைந்து வளரும் ஓவியமும் அடங்கியுள்ளன. சுரங்கள் எழுதி வைக்கப்பட்டவையல்ல. ஓர் எண்ணின் இலக்கங்களை இடம்பெயர்த்து இடம்பெயர்த்து அவ்வப்போது கணிக்கப்படுபவை. ஓவியமும் அவ்வாறே: ஒவ்வொரு கட்டமும் அயற் கட்டங்களின் நிலை நோக்கித் தன் நிலை மாறுகிறது.

‘சிறுமை ஒரு சிறப்பாகுமோ? இது வெறும் வித்தையன்றோ?’ என்பர் எதிர்க்கட்சியார். இவ்வினா தமிழர்க்குப் புதிதன்று. தேர்வடிவிலும் நாகவடிவிலும் அடங்கும் சித்திரகவியும், இதழ் ஒட்டாது பாடும் நிரோட்டமும் நம்மிடையே உண்டு. அவற்றை ‘மிறைக்கவி’ என்று ஒதுக்கிய புலவரும் உண்டு. ஒதுக்கியமைக்குக் காரணம் கடுமையன்று. படத்தை அகற்றியபின் பாட்டில் உயிர் எஞ்சாமையே. ஆதலால் என் சோதனை இதுவே: அளவைச் சொல்லாமல் ஒருவனை முன்னிருத்திக் கேட்கச் செய்க. அவன் இறுதிவரை இருக்கிறானா? இந்த 256 பைற்று அச்சோதனையிற் தேறுகிறது. வேறு பல சிறு படைப்புகள் தேறுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. இன்று வாதிடுவோரிற் பெரும்பாலார் பொறியிற் கண்டு வாக்களிப்பதில்லை, ஒளிப்பதிவையே காண்கின்றனர். பதிவிலோ, கணித்து வரைந்த உருவத்துக்கும் முன்னரே செய்து அடுக்கிய படத்துக்கும் வேற்றுமையில்லை. 256 பைற்றும் 64 கிலோபைற்றும் ஒரு நிறையே. இசைக்கும் இக்கதியே. 6581 என்னும் பழைய ஒலிச் சில்லின் வடிகட்டி பொறிக்குப் பொறி வேறுபட ஒலிக்கும். பின்வந்த 8580 இன் குரலோ முற்றும் வேறு. எந்தச் சில்லுக்கென இசைவாணர் அமைத்தார் என்பதைப் பதிவு கேட்போர் எண்ணுவதேயில்லை. பொறியைப் போலச் செய்யும் போலிமிச் செய்நிரலில் இயக்கிப் பார்ப்பது இதனினும் நேர்மையான வழி. அங்கே ஆக்கியோனின் கட்டளைகளாவது உண்மையாக நிறைவேறுகின்றன.

2020 இல் பின்லாந்தும் 2021 இல் ஜேர்மனியும் இக்கலையைத் தம் வாழும் மரபுப் பட்டியலிற் சேர்த்தன. மகிழ்ச்சியே. பேணுவது எதனை என்ற வினாவுக்கு என் விடை: செய்நிரலையும், அதனை இயக்கவல்ல பொறியையும், அக்கட்டளைகளை வாசிக்கத் தெரிந்த சிலரையும்.

ஆகவே முதலிடம் லீனுஸ் ஓக்கெசொனுக்கு. இரண்டாமிடம் பூஸ் டிசைனுக்கு. மூன்றாமிடத்துக்கு, பிளாக்மெயில் குழுவினரின் 1991 ஆம் ஆண்டு ‘டச் பிறீஸ்’ என்பதை என் நண்பரொருவர் விடாது முன்மொழிகிறார். இளமையில் அவர் கண்ட முதல் டெமோ அது என்பதைத் தவிர வேறு காரணம் அவர் இதுவரை காட்டவில்லை.