பின்னிருக்கையின் காது

காரில் பாட்டுக் கேட்பவர்களை இரு வகையினராகப் பிரிக்கலாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அக்குமிழ் எட்டாத தொலைவில், பின்னிருக்கையில் அமர்ந்து வருபவர்கள் மற்றொரு வகை. இக்கட்டுரை இரண்டாம் வகையினரின் பொருட்டு எழுதப்படுகிறது. எழுதுகிற நாங்கள் முதல் வகையினர் என்பதையும், தவறிழைத்த பின்னரே இவற்றைக் கற்றோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் சிறிய காரின் பின்பக்கத்தில் பாட்டுப் போதவில்லை என்றொரு குறை எங்களுக்கு இருந்தது. கடைக்குப் போனோம். பார்சல் டிரே என வழங்கும் டிக்கி மூடுபலகையில் இரண்டு துளைகள் அறுத்து, 6×9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இரண்டைப் பொருத்தித் தந்தார்கள். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு திருமணத்துக்காகப் புறப்பட்டபோது, முன்னிருக்கையில் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. விருதுநகர் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏம்ப்பா, பாடுறவர் என் பிடரியில உக்காந்துல்ல பாடுறார்!" சிரித்துவிட்டு, ஒலியை ஒரு நூல் குறைத்தோம். அன்றிரவு முழுவதும் காதுக்குள் சில்வண்டு கத்துவதாக அம்மா சொன்னார். விடிந்ததும் அது நின்றுவிட்டது. எங்கள் உறுத்தல் நிற்கவில்லை.

அவர் சொன்னது மிகையன்று, கணக்கு. ஒலி தோன்றும் இடத்திலிருந்து தொலைவு இரட்டிக்கும்போது அதன் அளவு 6 டெசிபல் குறையும். பின்பலகை ஸ்பீக்கருக்கும் பின்னிருப்பவரின் காதுக்கும் இடையே 30 சென்டிமீட்டர். ஓட்டுநரின் காதுக்கோ ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். திறந்தவெளியானால் இருவருக்குமிடையே 12 டெசிபல் வேறுபாடு வரும். காருக்குள் கண்ணாடியிலும் தகட்டிலும் பட்டுத் திரும்பும் ஒலி இவ்வேறுபாட்டைக் குறைக்குமேயன்றி அழித்துவிடாது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பதும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகும் என்பதும் அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் ஆலைத் தொழிலாளர்க்குப் பரிந்துரைக்கும் எல்லை. முன்னிருப்பவர் 82 டெசிபலில் இன்புற்றிருக்க, பின்னிருப்பவர்க்கு அது 91 ஆகிவிடுமானால் அவருடைய எல்லை 2 மணி நேரம். மதுரையிலிருந்து திருநெல்வேலி போய்ச்சேர அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

அம்மாவின் காதைப் புண்படுத்திய பின்னும் நாங்கள் விரும்பிய கனத்த ஒலி கிட்டியதா என்றால், அதுவுமில்லை. மிருதங்கத்தின் வலந்தலை பளிச்சென்று தெறித்தது. தொப்பி ஒலித்ததாகவே தெரியவில்லை. இன்னும் பெரிய ஸ்பீக்கரும் தனி ஆம்ப்ளிஃபயரும் வாங்கச் சொன்னார்கள். நம்மில் பலர் இவ்விடத்தில்தான் பணத்தை இழக்கிறோம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றைப் பின்னால் இழுக்கவும் செய்கிறது. ஒரு பக்கம் எழும் அலைக்கு மறுபக்கத்து அலை நேர் எதிரானது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குறுகிய அலைகளைக் கொண்ட மேல்ஒலிகளை இது அவ்வளவாகத் தாக்காது. மந்தர ஒலிகளின் அலைகள் நீளமானவை. எந்த இடுக்கையும் சுற்றிக்கொண்டு வந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 காரின் முழு நீளமே 3.3 மீட்டர்தான். சிறிய கார்களின் மூடுபலகை, அழுத்திய நாரால் ஆன மெல்லிய தட்டு. அதைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. டிக்கிக்குள் விழும் எதிரலை அவ்வழியே மேலே வந்து, மேலே எழும் அலையைத் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்குத் தட்டும் தன் பங்குக்கு அதிர்கிறது. இந்த நிலையில் 300 வாட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்ட புதிய ஸ்பீக்கர் என்ன செய்துவிடும்? ஆற்றலை இரு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஓட்டைப் பானையில் மேலும் நீரூற்றும் வேலை அது.

ஆகவே புதிதாக எதையும் வாங்குமுன் இருப்பதைச் சீர்செய்க என்பது எங்கள் கட்சி. முதற்சோதனைக்கு ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஸ்பீக்கரின் கம்பிகளைக் கழற்றி, கூட்டல் முனைக்குக் கூட்டலும் கழித்தல் முனைக்குக் கழித்தலுமாகத் தொட்டால் கூம்பு வெளியே எழ வேண்டும். கழற்றிய கம்பிகளை அதே முறையில் இரு பக்கமும் மாட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் இரு ஸ்பீக்கர்களும் ஒன்றோடொன்று பகைத்து நிற்கும். எங்களுடையதில் இடப்பக்கம் மாறித்தான் இருந்தது. அடுத்தது பலகை. தெரிந்த தச்சர் ஒருவரைக் கொண்டு, மூடுபலகையின் வடிவிலேயே 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை அறுத்து, விளிம்பெங்கும் ரப்பர்ப் பட்டை ஒட்டி இடைவெளியை அடைத்தோம். பலகையை வண்டியோடு திருகி முடுக்குவது இன்றியமையாதது. கனத்த காந்தம் தாங்கிய பலகை, மோதலின்போது வண்டியின் வேகத்திலேயே முன்னால் பாயும். அங்கே இருப்பவை பின்னிருப்பவர்களின் கழுத்துகள்.

பின்கதவில் இடமிருந்தால் மூடுபலகையையே விட்டுவிடுவது இன்னும் நன்று. கதவின் கீழ்ப்பகுதியில் சிறிய ஸ்பீக்கர் காதுக்கு எட்ட நின்று, தணிந்து பேசும். சன்னற்கண்ணாடியை முழுதும் இறக்கிப் பார்த்து, காந்தம் அதில் இடிக்காது என்று உறுதிசெய்த பிறகே அறுக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடவிருக்கும் மேடையை முதலில் அளக்கிறது. 24 விரல் அளவுள்ள கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1 என்று கணக்கிட்ட பின்னரே ஆட்டம். எக்கருவி எதைப் பின்தொடர வேண்டும் என்ற ஒழுங்கையும் அக்காதை சொல்கிறது. இடமும் முறையும் கலையின் பகுதி என்று கருதிய மரபு அது. இன்றும் கச்சேரியில் தம்பூரா பாடகருக்குப் பின்னால் இருக்கிறது. அதை யாரும் தனித்துக் கேட்பதில்லை. நின்றுபோனால் மட்டும் ஏதோ குறைவதை உணர்கிறோம். காரின் பின் ஸ்பீக்கரும் அந்தத் தம்பூராவாக இருக்க வேண்டும். பாடுபவர் நம் முன்னால் இருக்கட்டும். முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் கச்சேரி கேட்பதில்லை. ஃபேடரை முன்பக்கமாகத் திருப்பி, பின்னொலி தனியாகத் தெரியாமற் போகும் புள்ளியில் நிறுத்துவதே சரியான அளவு.

அதிர அதிரக் கேட்பதுதானே இன்பம் என்று எங்கள் மாணவர்கள் சொல்வார்கள். இளமையின் இன்பத்தை மறுக்க எங்களுக்கு விருப்பமில்லை. தனித்துச் செல்பவர் தம் காதுக்குத் தாமே பொறுப்பு. பின்னால் ஒரு முதியவரோ குழந்தையோ இருக்கையில் அந்த உரிமை சுருங்கிவிடுகிறது. குழந்தைக்குத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. முதியவர், பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று சொல்லாமல் இருந்துவிடுவார். எங்கள் அம்மா ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

பலகை மாற்றிய பின் தொப்பியின் கும்காரம் கேட்கிறது. குமிழ் முன்பு நின்ற இடத்துக்கு வெகுவாகக் கீழே நிற்கிறது. செலவு, கடையில் சொன்ன ஆம்ப்ளிஃபயர் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆயினும் இவற்றுள் எதையும் செய்ய இயலாதவர்கள் ஒன்றை மட்டுமாவது செய்யலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, வழக்கமாகக் கேட்கும் அளவில் ஒரு பாட்டை ஓடவிட்டு, இறங்கிப்போய்ப் பின்னிருக்கையில் அமர்ந்து அதை முழுவதும் கேட்டுவிட்டு வரவேண்டும். நாங்கள் அதைச் செய்தது திருநெல்வேலியிலிருந்து திரும்பிய பிறகு. புறப்படுமுன் செய்திருக்கலாம்.