காட்டுக்குப் போறவங்க கவரிங் போட்டுக்கோங்க

போன பௌர்ணமிக்கு கிரிவலம் போகணும்னு அக்கா குடும்பத்தோட திருவண்ணாமலை வந்திருந்தா. கிளம்புற நேரத்துல அம்மா வழக்கமான பாட்டை ஆரம்பிச்சாங்க. "கழுத்துல இருக்கிறதைக் கழட்டி பீரோல வை. 14 கிலோமீட்டரும் கூட்டம். கவரிங் போட்டுக்கிட்டுப் போ." அக்கா முனகிக்கிட்டே கழட்டினா. அந்த நேரம் பார்த்து அக்கா பையன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னான்.

"மாமா, எல்லாம் போச்சு."

போனை வாங்கிப் பார்த்தா ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். எனக்கு ஒரே சிரிப்பு. பின்னே? நான் பிரவுசிங் சென்டர்ல காசைக் கரைச்ச ஆட்டமாச்சே! 2001-ல ஜாகெக்ஸ் ஆரம்பிச்ச ஆட்டம் அது. எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பிரவுசர்ல ஜாவா ஓடினா போதும். அதனாலதான் ஓட்டை கம்ப்யூட்டர்லயும் ஆட முடிஞ்சுது. 2007 ஆகஸ்ட்ல இருந்த நிலையில அதை 2013-ல திரும்பக் கொண்டு வந்தாங்க, 2018-ல மொபைலுக்கும் வந்துடுச்சு.

ஆட்டம் தெரியாதவங்களுக்காக: எட்ஜ்வில் ஊருக்கு வடக்கே ஒரு பள்ளம். அதைத் தாண்டினா வில்டர்னஸ்ங்கற காடு. அங்க ஒரு ஆட்டக்காரர் இன்னொரு ஆட்டக்காரரை அடிச்சுக் கொல்லலாம், செத்தவர் பொருளை எடுத்துக்கலாம். நம்ம ஆள் எல்வார்க்ங்கற டிராகனைக் கொன்னு, அப்புறம்தான் போட முடியும்ங்கற ரூன் மார்புக்கவசத்தை வாங்கி, மினுமினுன்னு அந்தக் காட்டுக்குள்ள போயிருக்கான். கூட்டிட்டுப் போனது ஆட்டத்துல பழக்கமான ஒரு 'நண்பன்'.

"சும்மா என்னை ஒரு அடி அடிச்சுப் பாருன்னான் மாமா. செட்டிங்ஸ்ல ஏதோ ஒண்ணை ஆஃப் பண்ணச் சொன்னான். அடிச்சேன். என் தலைமேல மண்டையோடு வந்துச்சு. அப்புறம் அவன் திருப்பி அடிச்சான்."

சூட்சுமம் புரியுதா? சாதாரணமா அங்க செத்தா உங்ககிட்ட இருக்கிறதுல விலை உயர்ந்த 3 பொருள் உங்களோடயே இருக்கும். ஆனா யாரு முதல்ல அடிக்கிறாங்களோ அவங்க தலைமேல மண்டையோடு. அது இருந்தா ஒண்ணும் மிஞ்சாது. மண்டையோடு வராம தடுக்கத்தான் அந்த செட்டிங். அதை அணைக்க வெச்சு, இவன் கையாலேயே முதல் அடியையும் அடிக்க வெச்சு, மொத்தத்தையும் உருவிட்டான். இவன் தலையில மண்டையோடு, அவன் தலை சுத்தம்! என்னா மூளை!

அம்மா சொன்னதைத்தான் அவனுக்கும் சொன்னேன். கூட்டத்துக்குப் போறப்ப கவரிங் போட்டுக்கோ. 'முதல்ல லெவல் ஏத்து, நல்ல கவசம் வாங்கு, அப்புறம் சண்டைக்கு வா'ன்னு புதுசா வர்றவங்களுக்கு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நல்ல கவசத்தோட வர்ற புதுசு, கையை நடுங்கிக்கிட்டே ஆடும். போனாப் போகட்டும்ங்கற பொருளோட வந்தாத்தான் கை நடுங்காது, கையை நடுங்காம வெச்சாத்தான் கத்துக்க முடியும். என் டிப்ஸ் எல்லாமே இதுக்குள்ள அடக்கம்.

1. பள்ளத்தைத் தாண்டுறதுக்கு முன்னாடி எட்ஜ்வில் பேங்க்ல எல்லாத்தையும் போடுங்க. செத்தா எது மிஞ்சும், எது போகும்னு ஆட்டத்துலயே காட்டுற பட்டன் இருக்கு, பார்த்துட்டுக் கிளம்புங்க. பிரேயர் லெவல் 25 வந்தா 'புரொடெக்ட் ஐட்டம்' கிடைக்கும், கூட ஒரு பொருள் மிஞ்சும்.

2. காட்டுக்கும் லெவல் உண்டு. நீங்க 50-ன்னு வெச்சுக்குங்க. காட்டு லெவல் 5-ல நிக்கிறப்ப 45-ல இருந்து 55 வரைக்கும் உள்ளவங்கதான் உங்களை அடிக்க முடியும். லெவல் 20-க்குப் போயிட்டா 30-ல இருந்து 70 வரைக்கும் எல்லாருக்கும் நீங்க சாப்பாடு. புதுசுன்னா பள்ளத்தை ஒட்டியே நில்லுங்க.

3. ஓடுறது கேவலம் இல்ல. தெற்கே பார்த்து ஓடுங்க. காட்டு லெவல் 20-க்கு மேல சாதாரண டெலிபோர்ட் மந்திரம் வேலை செய்யாது. சண்டைக்கு நடுவுல லாக்-அவுட்டும் ஆகாது. எப்படி வெளிய வரப்போறோம்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள போங்க.

4. உயிர் குறைஞ்சப்புறம் சாப்பிடறது தப்பு. எதிராளியோட பெரிய அடி எவ்வளவு இருக்கும்னு கணக்குப் போட்டு, அதுக்கு மேலேயே உயிரை வெச்சுக்குங்க. சிமிடார் 2.4 வினாடிக்கு ஒரு தடவை சின்னச் சின்னதா வெட்டும். உங்க உயிர் பாதிக்குக் கீழ வந்ததும் ஆள் இரட்டைக்கை வாளுக்கு மாறுவான். அது 4.2 வினாடிக்கு ஒரு தடவைதான் இறங்கும், ஆனா இறங்கினா முடிஞ்சுது கதை. வாள் மாறுறதைப் பார்த்ததும் சாப்பிடுங்க. லாப்ஸ்டர் 12 ஏத்தும், ஸ்வார்டுஃபிஷ் 14.

5. கத்திக்காரன் வில்காரனை ஜெயிப்பான், வில்காரன் மந்திரவாதியை, மந்திரவாதி கத்திக்காரனை. இரும்புக் கவசம் போட்டுக்கிட்டா மந்திரம் லகுவா பிடிக்கும். கவசம்னாலே பாதுகாப்புன்னு நினைக்காதீங்க.

6. 'எங்க ஊரு நெட்டுக்கு இதெல்லாம் ஆகாது'ன்னு சாக்கு சொல்லாதீங்க. இந்த ஆட்டம் 0.6 வினாடிக்கு ஒரு முறைதான் கணக்குப் பார்க்கும். துப்பாக்கி கேம் மாதிரி 0.2 வினாடி தாமதத்துல உயிர் போயிடாது.

7. பழகணும்னா லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங் போங்க. ஆயுதம் அவங்களே தருவாங்க, செத்தா உங்க பொருள் போகாது. பத்து தடவை சாகுங்க. பதினோராவது தடவை ஏன் செத்தோம்னு தெரிய ஆரம்பிக்கும்.

பையன் எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டான். கடைசில ஒண்ணு சொன்னான் பாருங்க.

"சரி மாமா, இப்ப எனக்கும் அந்த ட்ரிக் தெரியும். நானும் ஒரு புதுப் பையனைப் பிடிச்சு..."

எனக்கு சுருக்குன்னுச்சு. பொருள் போனதுகூடப் பரவாயில்ல. அவன் கத்துக்கிட்டு வந்தது இதுதானா?

கொன்னு பிடுங்கறதே ஆட்டம்ங்கறப்ப இதுல என்ன தப்புன்னு கேக்கலாம். தப்புதான். காட்டுக்குள்ள வர்றவங்க தெரிஞ்சே வர்றாங்க. பின்னாலேர்ந்து அடிச்சாலும் அது ஆட்டம். 'உன் நண்பன்டா'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அடிக்கிறது ஆட்டம் இல்ல. அங்க ஜெயிக்கிறது உங்க கத்தி இல்ல, எதிராளியோட நம்பிக்கை தோக்குது, அவ்வளவுதான்.

ஆபத்தே வேண்டாம்னும் நான் சொல்லல. காசுக்கு ஆட்டத் தங்கத்தை விக்கிறவங்களை ஒழிக்க 2007 டிசம்பர்ல ஜாகெக்ஸ் அந்தக் காட்டுச் சண்டையையே எடுத்துட்டாங்க. ஆட்டக்காரங்க ஆட்டத்துக்குள்ளேயே கூடி கோஷம் போட்டாங்க. 2011 பிப்ரவரில திரும்ப வந்துச்சு. தன் பொருள் பறிபோற இடத்தைத் திருப்பிக் கொடுன்னு ஜனம் கேட்டுச்சுன்னா, பயமும் சேர்ந்ததுதான் அந்த சுகம். ஆனா அந்த பயம் காட்டோட இருக்கணும். கூட வர்றவன் மேலயும் பயம் வந்துட்டா அப்புறம் யாரோட ஆடுறது?

இதையெல்லாம் அவன்கிட்ட இவ்வளவு நீட்டல. "உன்னை அவன் ஏமாத்தினப்ப கவசம் போனது வலிச்சுதா, அவன் நண்பன்னு நினைச்சது வலிச்சுதா?"ன்னு மட்டும் கேட்டேன். பதில் சொல்லாம செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு அக்காவோட கிளம்பிட்டான்.

விடியக்காலைல கால் வலியோட திரும்பி வந்தவன் சொன்னான்: "மாமா, நாளைக்கு நீங்களும் லாகின் பண்ணுங்க. பள்ளத்துகிட்ட ஒத்தைக்கு ஒத்தை. கவரிங் போட்டுக்கிட்டு வாங்க."

போனேன். மூணு தடவை ஆடினோம், ரெண்டு தடவை என்னைக் கொன்னுட்டான் :-)

டிஸ்கி: செத்ததுக்குக் காரணம் வயசும் டச் ஸ்கிரீனும் மட்டுமே. மவுஸைக் கொடுங்க, அப்புறம் பேசிக்கலாம்.