நாற்றத்துக்கும் ஒரு ரிஜிஸ்டர்

2015இலும் 2016இலும் நாட்டிலேயே தூய்மையான நகரம் என்ற பட்டம் மைசூருக்குக் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் வித்யாரண்யபுரத்துக் கழிவுநீர்ப் பண்ணைப் பக்கம் குடியிருக்கும் நம் தோழர்களின் வீடுகளுக்கு அந்தப் பட்டம் இன்னும் வந்து சேரவில்லை. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் வந்து சேருவது அழுகிய முட்டை வாடை.

சுத்திகரிப்பு நிலையத்தை மூடு என்று நாம் கேட்கவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 6¾ கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யக் கட்டப்பட்டது அது. அது இல்லாவிட்டால் அத்தனையும் தளவாய் ஏரி வழியாகக் கபினியில் போய் விழும். கபினி திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அதற்கப்பால் அந்தத் தண்ணீர் யார் ஊருக்குப் போகிறது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

கழிவுநீரில் பிராணவாயு குறைந்தால், அது இல்லாமலே வாழும் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. குளங்களில் காற்றூட்டும் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் இது அடங்கும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. இரவிலும் விடியலிலும் காற்று அசையாதபோது தரையோடு தங்கிவிடும். வெயில் ஏறினால் கலைந்துபோகும். புகார் கொடுத்தால் பார்க்க வருகிறவர்கள் வருவதோ பகல் பதினொரு மணிக்கு!

சட்டமும் பெரிதாகத் துணைக்கு வருவதில்லை. 2009இல் மத்திய அரசு வகுத்த காற்றுத் தர அளவுகளில் 12 பொருள்கள் உள்ளன. அம்மோனியா உண்டு, ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008இல் நாற்றம் பற்றி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டதோடு சரி. ஜெர்மனியில் மனித மூக்கையே கருவியாக்கியிருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் குறித்த இடத்தில் 10 நிமிடம் நின்று, 10 வினாடிக்கு ஒருமுறை மோந்து பார்த்துக் குறிக்கிறார். அறுபதில் ஆறு முறை வாடை அடித்தால் அது ‘நாற்ற மணி’. குடியிருப்புப் பகுதியில் ஆண்டு மொத்தத்தில் நூற்றுக்குப் பத்து மணிக்கு மேல் அப்படி இருக்கக்கூடாது என்பது அங்குள்ள கணக்கு.

நம்மிடம் அந்தப் பயிற்சி இல்லை. நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: வண்டி வந்த மணியும் நிமிடமும் ரிஜிஸ்டரில் ஏறாவிட்டால், விசாரணையில் அந்த வண்டி வரவே இல்லை.

தெருவுக்கு ஒரு நோட்டு போடுவோம். தேதி, மணி, காற்றடித்த திசை, வாடை லேசா கடுமையா, எவ்வளவு நேரம். என்ன வாடை என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும். பல்லாண்டுக் குப்பையும் குவிந்த இடம் அது. இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள். முட்டை வாடையா, புளித்த குப்பையா, புகையா? வாடை இல்லாத நாளில் ‘இல்லை’ என்றும் எழுதுங்கள். மற்ற நாட்களை நம்பவைப்பது அதுதான். வீட்டிலேயே இருந்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். ஆகவே வெளியே போய்விட்டுத் தெருவில் காலெடுத்து வைத்தவுடன் எழுத வேண்டும். நோட்டு பெண்கள் கையில் இருப்பது நல்லது. ஆண்களிடம் கொடுத்தால் இரண்டே நாளில் சீட்டாட்டக் கணக்கு ஏறிவிடும்.

“பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?” என்று சிலர் தயங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழருக்கும் மூக்கு ஒன்றுதானே! நோட்டைக் கன்னடத்திலும் எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்திடுவோம். மூன்று மாதம் நிறைந்ததும், அதே நாட்களில் காற்றூட்டும் இயந்திரங்கள் எத்தனை மணி நேரம் ஓடின என்ற கணக்கை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்போம். அவர்கள் ரிஜிஸ்டரையும் நம் நோட்டையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துப் பேசலாம்.